முதல் மணிநேரம் உங்கள் கையில்: சிதறால் வட்டாரத்து ஆசான்மாருக்கு ஒரு திறந்த மடல்

சிதறால், விளவங்கோடு வட்டம்

பாம்புக்கடிக்கு மருந்து கொடுத்துவரும் ஆசான்மாருக்கும் விஷ வைத்தியர்களுக்கும்,



இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதற்கு முன் இந்த மடல் உங்கள் கையில் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்க நினைப்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பாம்பு கடித்து யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், அது எந்தப் பாம்பாக இருந்தாலும், கடிவாய் எப்படித் தெரிந்தாலும், அவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். “இது ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியது, தாமதிக்காமல் போ” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

இதை நான் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் சுவரொட்டியை ஊரார் படிக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது; நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் படித்தவர்கள். ஆனால் விடியும் முன் ரப்பர் விளையில் பால் வெட்டப் போனவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அந்தப் பதற்றத்தில் சுவரொட்டி யாருக்கும் நினைவு வருவதில்லை. “ஆசானிடம் கொண்டு போ” என்று கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் சொல்வார். உங்கள் தாத்தா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் உயிரைக் காக்கும் வழியும் இருக்கிறது என்பதால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

பாம்பை மதிக்கும் மண் இது. நம் மலைமேல் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களில் பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகம் படம் விரித்து நிற்கிறது. நாகர்கோவிலுக்குப் பெயரே நாகராஜா கோவிலால் வந்தது. ஆவணி ஞாயிறுகளில் அங்கே பாலும் மஞ்சளுமாகக் கூட்டம் நிறைகிறது. காவுகளில் விளக்கு வைக்கிறோம், ஆயில்யத்தன்று பூசை செய்கிறோம். இந்தப் பயபக்தி எதையும் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. பாம்பைக் கண்டதும் அடித்துக் கொல்லாத குணம் நமக்கு இதனால் வந்தது. கடிபட்ட பிறகு நாம் செய்வதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று மரணக் காரணங்களைக் கேட்டறிந்த பெரிய ஆய்வு ஒன்று, 2005ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2011இல் சொன்னது. அவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 23 விழுக்காடுதான். மற்றவர்கள் வீட்டிலும் வழியிலும் வைத்தியர் திண்ணையிலும் இறந்தவர்கள். 2020இல் வந்த அடுத்த கணக்கு, 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்றது. அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பதினைந்து வயது நிறையாத பிள்ளைகள். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் நேர்ந்தவை.

“எங்கள் மருந்தால் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள், அது பொய்யா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைத்தது பொய்யல்ல. உங்கள் பச்சிலையை உண்டவர் மறுநாள் எழுந்து நடந்ததை ஊரே கண்டிருக்கிறது. அவர் எதனால் பிழைத்தார் என்பதைத்தான் நாம் சேர்ந்து யோசிக்க வேண்டும். இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. நஞ்சுள்ளவை அறுபதுக்கு அருகில். நம் நாட்டு மருத்துவர்களுக்கான சிகிச்சை நெறிமுறை தோராயமாக ஒரு கணக்குச் சொல்கிறது: கடிகளில் எழுபது விழுக்காடு நஞ்சில்லாத பாம்புகள் கடித்தவை. நஞ்சுள்ள பாம்பு கடித்தாலும், பாதிப் பேருக்கு நஞ்சு உடலில் இறங்குவதில்லை. ஆக, நூறு பேர் உங்களிடம் வந்தால் எண்பத்தைந்து பேர் மருந்தே இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். மீதிப் பதினைந்து பேருக்கு எந்தப் பச்சிலையும் இதுவரை மருந்தாக நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பதினைந்தில் ஒருவர் இறந்தால் “விதி முடிந்தது” என்கிறோம். எண்பத்தைந்தில் ஒருவர் பிழைத்தால் “ஆசான் கைராசி” என்கிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வாசலில் வந்து நிற்பவர் அந்த எண்பத்தைந்தா, பதினைந்தா என்று அந்த நேரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது, மருத்துவராலும் முடியாது. அதனால்தான் மருத்துவமனையில் கடிபட்டவரை ஒன்றும் தெரியாவிட்டாலும் இருபத்துநான்கு மணிநேரம் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், ஒரு குழாயும் கடிகாரமும் போதும். வேப்பிலை கசக்கிறதா, மிளகு உறைக்கிறதா என்று கேட்பதால் இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒவ்வொரு நஞ்சும் என்ன செய்கிறது என்று தெரிந்தால், நேரம் ஏன் உயிர் என்பது விளங்கும். அணலி, அதாவது கண்ணாடி விரியன், கடித்தால் கால் வீங்கும், ஈறில் இரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும், பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். நல்ல பாம்பின் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது: இமை சொருகும், பார்வை இரண்டாகத் தெரியும், நாக்கு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். எட்டடி விரியன் என்று நாம் சொல்லும் கட்டு விரியன் இன்னும் வஞ்சகமானது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல்தடமும் பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுவலி என்று எழும், கண்ணைத் திறக்க முடியாமல் தவிக்கும். “வாயு” என்று சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கும். அதன் நஞ்சு நரம்பு முனையையே அழித்துவிடுவதால், அழிந்த பிறகு முறிமருந்தால் மீட்க முடியாது. நரம்பு முனை மறுபடி வளரும்வரை பல நாள் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். சுவாசக் கருவி இருக்கும் இடத்துக்கு மூச்சு நிற்பதற்கு முன் போய்ச் சேர்ந்தவர் பிழைக்கிறார்.

நம் மருத்துவமனைகளில் கொடுக்கும் முறிமருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஏற்கெனவே சிறுநீரகத்தையோ நரம்பையோ கெடுத்த நஞ்சிடம் அது ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரு மணிநேரம் உங்கள் திண்ணையில் கழிந்தால், அந்த ஒரு மணிநேரத்துக் கேட்டை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்துதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைத்து விடுவதில்லை.

அந்த மருந்து செய்யத் தேவையான நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உங்களைப் போன்ற மரபறிவுக்காரர்களிடம் போய் நிற்கும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, பிறகு பாம்புத் தோல் வியாபாரமும் தடைபட்டபோது அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அன்றிலிருந்து அவர்கள் பாம்பைப் பிடித்து, கொல்லாமல் நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விட்டு வருகிறார்கள். நாட்டில் முறிமருந்து செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த நஞ்சை நம்பியிருக்கின்றன. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் தங்கள் அறிவை விட்டுக்கொடுக்கவில்லை. உயிர் காக்கும் வரிசையில் அந்த அறிவுக்குரிய இடம் எது என்று கண்டுகொண்டார்கள். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

அதைக் காட்ட வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. உங்கள் மரபே காட்டுகிறது. விஷ வைத்தியத்துக்குக் கூலி வாங்கக் கூடாது என்று உங்கள் முன்னோர் வைத்திருந்தார்கள். வந்து சொன்ன தூதனின் குறி பார்த்து, கடிபட்டவரின் நிலை பார்த்து, “இது அசாத்தியம், என் கையில் இல்லை” என்று கைகூப்பும் நேர்மையும் அந்த மரபில் உண்டு. அன்றைக்கு அசாத்தியம் என்று சொன்னால் அனுப்ப வேறு இடம் இல்லை. இன்றைக்குக் குழித்துறை அரசு மருத்துவமனை அரை மணி நேரத்தில் இருக்கிறது. செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சுத்திகரிப்பும் வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேல் திருவனந்தபுரம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பாம்புக்கடி மருந்தை இருப்பில் வைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் முன்னோருக்கு இந்த வசதி இருந்திருந்தால், அவர்களே முதலில் அனுப்பியிருப்பார்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் கேரளத் தோட்டங்களிலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரு சின்னக் குழிவிரியன் இருக்கிறது. காய்ந்த இலைக்குள் சுருண்டு கிடந்தால் இலைக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. அணலிக் குட்டி என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். இது உயிருக்கு ஆபத்தாக முடியும் என்பதைக் கேரள மருத்துவர்கள் 2007இல் உறுதியான சான்றுகளோடு எழுதினார்கள். நான்கு பாம்பு முறிமருந்து இதன் நஞ்சுக்கு வேலை செய்யாது. “அப்படியானால் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பயன்?” என்று கேட்காதீர்கள். இதன் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். சிறுநீரகம் தேறும்வரை இரத்தத்தைச் சுத்திகரித்துத் தர மருத்துவமனையால்தான் முடியும்.

இனி, கடிபட்டவர் வாசலுக்கு வந்ததும் நீங்கள் செய்யக் கூடியது. முதலில் அவரைப் படுக்கவையுங்கள், நடக்க விடாதீர்கள். “பயப்படாதே, பெரும்பாலான கடி உயிரெடுக்காது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்” என்று நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். வேறு யார் சொன்னாலும் அந்த அளவு நம்ப மாட்டார். இந்த ஒரு வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவர் ஊரில் கிடையாது. மோதிரம், வளையல், கொலுசு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறினால் அவை சதையை அறுக்கும். எலும்பு முறிந்தால் நீங்கள் பத்தை வைத்துக் கட்டுவீர்களே, அதே போல் கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் பத்தை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடித்த நேரத்தையும், முதலில் தெரிந்த குறியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கண் இமை எப்போது தாழ்ந்தது, எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்ற உங்கள் கவனிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கயிறோ துணியோ இறுக்கிக் கட்டக் கூடாது. கட்டிய கால் அழுகும். அவிழ்த்ததும் தேங்கிய நஞ்சு ஒரேயடியாக ஏறி ஆளைச் சாய்த்துவிடும். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்திருந்தால், நீங்கள் அவிழ்க்காமல் அப்படியே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்; அங்கே மருந்தோடு தயாராக இருந்து அவிழ்ப்பார்கள். பிளேடால் கீறக் கூடாது: இரத்தம் உறையாத நிலையில் கீறிய இடத்திலிருந்து இரத்தம் நிற்காது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, விஷக்கல் ஒட்டக் கூடாது. வாய்வழி எந்தக் கஷாயமும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் தசை தளர்ந்துபோனவருக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. அந்தத் தேடலில் இரண்டாவது ஆள் கடிபடுவார். தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

வாகனம் வர நேரமாகுமே என்று நினைக்கலாம். 108ஐ அழையுங்கள், அது வருவதற்குள் பைக் கிடைத்தால், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை அமர்த்திக் கொண்டுபோகலாம். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் டமக் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் இதைத்தான் செய்தார்கள். ஊராருக்குப் பாம்புக்கடி பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பைக் வைத்திருக்கும் தொண்டர்களைப் பட்டியல் போட்டு, எந்த நேரத்திலும் வருமாறு ஏற்பாடு செய்தார்கள். கடிபட்டவர்களில் முன்பு நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு அரை விழுக்காட்டுக்கு இறங்கியது என்று 2013இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. புதிய மருந்து எதுவும் அங்கே வரவில்லை. தெரிந்ததைச் சொன்னார்கள், வேகமாகக் கொண்டுபோனார்கள். நம் ஊரில் பைக் இல்லாத வீடு குறைவு, தார்ச்சாலை இல்லாத விளையும் குறைவு. நேபாளக் கிராமத்தால் முடிந்தது நம்மால் முடியும்.

கடிபடாமல் காப்பதிலும் உங்கள் சொல்லுக்கு எடையுண்டு. பால் வெட்டப் போகும்போது நெற்றி விளக்கோடு முழங்கால் வரை ரப்பர் பூட்சும் போடச் சொல்லுங்கள். மரத்தடியில் கால் வைக்குமுன் கம்பால் இலையைத் தட்டச் சொல்லுங்கள். ரப்பர் இலையுதிரும் மாதங்களில் இது கட்டாயம். சிரட்டைக்குள்ளும் தொண்டுக் குவியலுக்குள்ளும் பார்க்காமல் கைவிடக் கூடாது. மரச்சீனி பிடுங்கும்போதும் அன்னாசி விளையில் இறங்கும்போதும் அப்படியே. விறகடுக்கும் கோழிக்கூடும் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்காமல் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிப் படுக்க வைத்தால் கட்டு விரியனிடமிருந்து தப்பலாம். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது டார்ச் வேண்டும். இவற்றைப் பள்ளியிலும் கோவில் கமிட்டியிலும் சபைக் கூட்டத்திலும் மகளிர் குழுவிலும் அண்டியாபீஸ் என்னும் முந்திரி ஆலையிலும் நீங்களே போய்ச் சொல்லலாம். 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைத் தரையிலிருந்த பொந்தில் பதுங்கிய பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது நம் பள்ளியில் நடக்காது என்று யாரும் இருக்க வேண்டாம். வகுப்பறை ஓட்டையைச் சிமெண்டால் அடைப்பதும், காலில் கீறல் என்று பிள்ளை சொன்னால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிய வேண்டும்.

மருத்துவமனையில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பேன். ஆசான் அனுப்பிய நோயாளியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். “ஏன் அங்கே போனாய்?” என்று கேட்டால், அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். ஆசான் எழுதிய தாளை வாங்கிப் படியுங்கள். பிழைத்தவர் வீடு திரும்பும்போது அந்த ஆசானுக்கும் செய்தி அனுப்புங்கள்.

அரசும் இப்போது அசைந்திருக்கிறது. பாம்புக்கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலக்கு வைத்தது. அதே இலக்கோடு இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏறும். எங்கே அதிகம் கடிக்கிறது, எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று திட்டமிட அந்தக் கணக்குத்தான் ஆதாரம். உங்கள் திண்ணையோடு முடிந்துபோகும் கடி அந்தக் கணக்கில் வராது. அதனால் நம் ஊருக்குச் சேர வேண்டிய மருந்தும் வராது.

ஆசான்மாரே, ஒரு நாள் குறியுங்கள். இடவப்பாதிக்கு முன் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். பக்கத்துச் சுகாதார நிலைய மருத்துவர், 108 ஊழியர், பால் வெட்டுக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், பைக் ஓட்டும் இளைஞர்கள் எல்லோரையும் கூட்டுவோம். எந்த வார்டில் யார் பைக் எடுப்பார், இரவில் யாரை அழைக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஒட்டுவோம். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் தலைமை தாங்க வேண்டும். பாம்பு கடித்தால் ஆசான் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார் என்று சிதறாலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்துவிட்டால், நம் ஊரில் இந்தச் சாவைத் தடுத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் சேரும். பரம்பரையாக வந்த பெயரைவிட அது பெரிய பெயர்.

மதிப்போடும் நம்பிக்கையோடும்,
சிதறால் மலையடிவாரத்து ஊர்க்காரன் ஒருவன்